கிழிக்கப்பட்ட காகிதங்கள்: சுதந்திர இலங்கையின் முதல் 35 ஆண்டுகள்

அம்பத்தூரில் இருந்து சூரப்பட்டு வழியாகப் புழலுக்குப் போய், அங்கிருந்து செங்குன்றம் பக்கம் திரும்பினால் காவாங்கரை வரும். தினமும் அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற பலருக்கு அது ஒரு ஸ்டாப்பிங்கின் பெயர் மட்டுமே. அங்கே இலங்கைத் தமிழர்களுக்கான முகாம் ஒன்று இருக்கிறது. 'அகதிகள் முகாம்' என்று இருந்த பெயரை 2021-ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அதற்குத் தெற்கே, மேற்குப் புறநகரின் இன்னொரு முனையான பூந்தமல்லியில் ஒரு தனி நீதிமன்றம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை என்று தீர்ப்பு சொன்ன இடம் அது (உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே 19 பேரை விடுவித்துவிட்டது).

ஆக, இலங்கைப் பிரச்சினை நம் ஊருக்குத் தூரத்து விஷயம் இல்லை. ஆனால் அது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் 1983. அந்த ஆண்டு ஜூலைக் கலவரம், அதன் பிறகு படகுகள், அதன் பிறகு போர். இந்தப் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. இலங்கை சுதந்திரம் அடைந்தது 1948-ல். நடுவில் உள்ள 35 வருடங்கள் எங்கே போயின?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று புரிந்துகொள்ள வேறொரு நாட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது நல்லது. மத்திய ஆசியாவில் உள்ள தஜிகிஸ்தான் 1991 செப்டம்பர் 9 அன்று சோவியத் யூனியனில் இருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தது. எட்டே மாதம்தான். 1992 மே மாதம் உள்நாட்டுப் போர் வெடித்துவிட்டது. குலோப், குஜந்த் என்று ஒரு பக்கம், கார்ம், பதக்ஷான் என்று இன்னொரு பக்கம், பிராந்தியம் பிராந்தியமாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். மாஸ்கோ எல்லைக்கோடு போட்டு உருவாக்கிய குடியரசு அது. சேர்ந்து வாழ்வது எப்படி என்று பேசிப் பார்க்கக்கூட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

இலங்கைக்கு அந்தச் சாக்கு கிடையாது. சண்டை போடாமல், ரத்தம் சிந்தாமல் சுதந்திரம் வாங்கிய நாடு. 1931-லேயே ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை பெற்றுவிட்ட நாடு (இந்தியாவில் அது வர சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது). படிப்பறிவு அதிகம், தேயிலை, ரப்பர் ஏற்றுமதியில் வருமானம், நல்ல துறைமுகம். காமன்வெல்த் நாடுகளுக்கு மாதிரியாக வரும் என்று பேசப்பட்ட நாடு இப்படி ஆகிவிட்டதே என்று சிங்கப்பூரின் லீ குவான் யூ பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எட்டு மாதம் கிடைத்த நாட்டையும் 35 வருடம் கிடைத்த நாட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அந்த 35 வருடத்தில் இலங்கையின் தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தம் போட்டார்கள், கையெழுத்தும் இட்டார்கள். பிறகு கிழித்தார்கள்.

முதலில் ஆட்களைக் கழித்தார்கள்

1948 பிப்ரவரி 4 சுதந்திர தினம். முதல் பிரதமர் டி.எஸ்.சேனநாயகா. சோல்பரி அரசியலமைப்பின் 29-வது பிரிவு, எந்த ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகப் பாராளுமன்றம் சட்டம் இயற்றக்கூடாது என்று சொன்னது. சிறுபான்மையினரின் பாதுகாப்பு என்று இருந்தது அந்த ஒரு பிரிவுதான்.

அதே ஆண்டு நவம்பரிலேயே குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது சட்டம். எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை! படித்துப் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான சட்டம் மாதிரியே இருக்கும். ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி, சேலம் என்று தமிழ்நாட்டில் இருந்து வெள்ளைக்காரத் துரைமார்களின் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுபோகப்பட்ட மலையகத் தமிழர்களுக்காக. மன்னார் காட்டு வழியாக நடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய்த் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் எங்கே போவார்கள்?

1946 கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டின் மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 1949-ல் வந்த இன்னொரு சட்டம் 'விண்ணப்பித்தால் தருகிறோம்' என்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்று 1949-லேயே தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளில் ஜெயித்துப் பாராளுமன்றம் போனவர்கள் 1952 தேர்தலில் ஓட்டுப் போடவே ஆளில்லாமல் காணாமல் போனார்கள். தேர்தலில் ஜெயித்து ஒரு மலையகத் தமிழர் மறுபடி உள்ளே நுழைய 1977 வரை, அதாவது சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றி பெறும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

தேசத்தைக் கட்டுகிறோம் என்று கிளம்பியவர்கள் செய்த முதல் வேலை இது. யார் உள்ளே என்று சொல்வதற்கு முன்னால் யார் வெளியே என்று முடிவு செய்தார்கள். இதில் யாழ்ப்பாணத் தமிழ்த் தலைமைக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி.பொன்னம்பலம் 1948-ல் அமைச்சரவையில் சேர்ந்துவிட்டார். இதனால் கட்சி உடைந்தது. பிரிந்து வந்த எஸ்.ஜே.வி.செல்வநாயகம் 1949 டிசம்பர் 18 அன்று தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். மலேயாவின் ஈப்போவில் பிறந்த கிறிஸ்தவர், தொழிலில் வக்கீல், மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். இன்று மலையகத்தானுக்கு நடப்பது நாளைக்கு மொழியின் பெயரால் நமக்கும் நடக்கும் என்பதுதான் அவருடைய வாதம். அந்த 'நாளை' வர ஏழு வருடம்கூட ஆகவில்லை.

கொடி விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வாளேந்திய சிங்கக் கொடியை எடுத்து, அதற்கு வெளியே தமிழருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று இரண்டு பட்டைகளை ஒட்டித் தேசியக் கொடியாக்கினார்கள். கொடிக் குழுவில் இருந்த செனட்டர் எஸ்.நடேசன் இதற்கு உடன்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்டி மன்னன் நாயக்கர் வம்சத்தவன். 1815-ல் வெள்ளையரிடம் பிடிபட்டு, நம் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832-ல் அங்கேயே இறந்தவன். பாலாற்றங்கரையில் அவனுடைய சமாதி இன்றும் இருக்கிறது. எந்த மன்னனின் கொடியைச் சிங்களவரின் அடையாளமாக உயர்த்தினார்களோ, அவனே தெற்கே இருந்து கடல் தாண்டிப் போன குடும்பத்துப் பிள்ளை!

24 மணி நேரத்தில் சிங்களம்

எஸ்.டபிள்யூ.ஆர்.டி.பண்டாரநாயகா ஒரு விசித்திரமான மனிதர். ஆங்கிலேய விசுவாசமான பணக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, ஊர் திரும்பிய பிறகு பௌத்தராக மாறியவர். இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சிதான் (அதாவது கூட்டாட்சி) பொருந்தும் என்று 1926-லேயே எழுதியவர், யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பேசியவர். அப்போது அதைத் தமிழ்த் தலைவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே பண்டாரநாயகா 1956 தேர்தலில் சிங்களத்தை 24 மணி நேரத்தில் ஆட்சிமொழி ஆக்குவேன் என்று சொல்லி ஜெயித்தார்.

நேர்மையாகப் பார்த்தால், கேட்டவர்கள் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது. சுதந்திரம் வந்து எட்டு வருடம் ஆகியும் கோர்ட்டும் ஆபீசும் ஆங்கிலத்திலேயே நடந்தன. கிராமத்துச் சிங்கள வாத்தியாருக்கும் வைத்தியருக்கும் பிக்குவுக்கும் அது புரியாத மொழி. ஆங்கிலத்தை இறக்க வேண்டும் என்ற கோபம் சரியானது. அது அப்படியே திசை திரும்பி, ஆங்கிலம் படித்து அரசு வேலையில் இருந்த தமிழர்கள் மேல் விழுந்ததுதான் கோளாறு. 'சிங்களமும் தமிழும்' என்று இருந்த கோரிக்கை 'சிங்களம் மட்டும்' என்று சுருங்கிப்போனது.

1956 ஜூன் 5 அன்று மசோதா வந்தது. அன்றைக்குக் கொழும்பு காலிமுகத்திடலில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்த தமிழ்த் தலைவர்களைக் கும்பல் அடித்து உதைத்தது. ரத்தக் கட்டுடன் பாராளுமன்றத்துக்குள் போய்ப் பேசியவர்கள் உண்டு. அதைத் தொடர்ந்து கிழக்கே கல்லோயாவில் நடந்த கலவரத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். மசோதாவை எதிர்த்துப் பேசிய இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர்.டி.சில்வா, இரண்டு மொழி வைத்தால் ஒரு நாடாக இருப்போம், ஒரு மொழிதான் என்றால் இரண்டு நாடாகப் போவோம் என்று எச்சரித்தார். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

பண்டாரநாயகாவே தான் அவிழ்த்துவிட்டதைக் கட்டிப்போட முயன்றார் என்பதும் உண்மை. 1957 ஜூலை 26 அன்று அவரும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பண்டா - செல்வா ஒப்பந்தம். தனிச் சிங்களச் சட்டம் அப்படியே இருக்கும், ஆனால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாகம் தமிழில் நடக்கும். வடக்குக்கு ஒரு பிரதேச சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. அவை விரும்பினால் ஒன்றாகச் சேரலாம். விவசாயம், கல்வி, சுகாதாரம், முக்கியமாக நிலம், குடியேற்றம் ஆகியவற்றில் அவற்றுக்கு அதிகாரம். செல்வநாயகம் கூட்டாட்சிக் கோரிக்கையைத் தள்ளி வைத்தார், அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டார். இன்றைக்குப் படித்தால் எவ்வளவு சாதாரணமான ஏற்பாடு என்று தோன்றும். நம் ஊர் மாநில சட்டசபைக்கு இருக்கும் அதிகாரத்தில் ஒரு பகுதிகூடத் தேறாது.

அதற்கே தெற்கில் நாட்டை விற்றுவிட்டான் என்று கூச்சல் எழுந்தது. எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர்.ஜெயவர்த்தனா அக்டோபரில் கொழும்பில் இருந்து கண்டி தலதா மாளிகைக்கு, ஒப்பந்தத்தை எதிர்த்துப் பாதயாத்திரை கிளம்பினார். யாத்திரை இம்புல்கொடையில் மறிக்கப்பட்டுப் பாதியிலேயே முடிந்தது. ஆனால் ஒரு பாடம் நிலைத்துவிட்டது. தமிழரோடு எவன் ஒப்பந்தம் போட்டாலும், எதிர்க்கட்சியில் இருப்பவன் அதை வைத்து அவனைக் கவிழ்க்கலாம். அடுத்த ஐம்பது வருட அரசியலை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

1958 தொடக்கத்தில் வண்டி நம்பர் பிளேட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அப்போதுதான் தேசியமயமாகியிருந்த அரசு பஸ்கள் அந்த எழுத்தோடு யாழ்ப்பாணம் போக, தமிழரசுக் கட்சிக்காரர்கள் அதை அழித்துத் தமிழில் எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் பூசப்பட்டது. ஒரு எழுத்துக்காக இவ்வளவா என்று கேட்கலாம். இந்தி எழுத்தின் மேல் தார் பூசிய கதை தெரிந்த தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 9 அன்று ரோஸ்மீட் பிளேசில் உள்ள பிரதமர் வீட்டு முன்னால் பிக்குகள் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன் என்று வாயால் சொன்னது போதவில்லை, எழுதிக் கேட்டார்கள். எழுதியும் கொடுத்தார். எட்டரை மாதக் குழந்தை அன்றோடு செத்தது. மே மாதம் பொலன்னறுவைப் பக்கம் ரயில் பயணிகள் மேல் தாக்குதலில் ஆரம்பித்த கலவரம் நாடு முழுக்கப் பரவியது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 27-ஆம் தேதி அவசரநிலை. கொழும்புத் தமிழர்களை அரசாங்கமே கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. சொந்த நாட்டின் தலைநகரில் இருந்து சொந்த நாட்டின் இன்னொரு மூலைக்கு அகதிகள்! தமிழருக்குப் பாதுகாப்பான இடம் ஒன்றுதான் என்று முதலில் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியது அந்தக் கப்பல்கள்தான்.

அடுத்த ஆண்டு, 1959 செப்டம்பர் 25 அன்று, அதே ரோஸ்மீட் பிளேஸ் வீட்டில் பண்டாரநாயகாவைச் சுட்டது ஒரு தமிழன் அல்ல. சோமராம என்ற பிக்கு. சதித்திட்டம் போட்டதாகத் தண்டிக்கப்பட்ட புத்தரக்கித தேரர், 1956-ல் அவரை ஜெயிக்க வைக்கப் பாடுபட்டவர்.

தபால்தலையும் மசால் வடையும்

1961-ல் நடந்தது பலருக்குத் தெரியாது. பண்டாரநாயகாவின் மனைவி சிறிமாவோ (உலகின் முதல் பெண் பிரதமர்) கோர்ட் மொழியையும் சிங்களமாக்க, பிப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணம் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் ஆரம்பித்தது. கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, அங்கே கலெக்டர் ஆபீசுக்கு அதுதான் பெயர். வட, கிழக்கு மாகாணங்களில் இரண்டு மாதம் அரசு அலுவலகங்கள் ஸ்தம்பித்தன. ஏப்ரல் 14, சித்திரை வருடப் பிறப்பு அன்று தமிழரசுக் கட்சி தனியாகத் தபால் சேவை ஆரம்பித்து, சொந்தமாகத் தபால்தலையும் வெளியிட்டது. சில நாளில் ராணுவம் வந்தது, தலைவர்கள் தடுப்புக் காவலுக்குப் போனார்கள். துப்பாக்கி எதுவும் இல்லாமல், தபால்தலை ஒட்டிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் மலையகத் தமிழர்களைப் பங்கு போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் (1974-ல் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டார்கள்). அவர்கள் உங்கள் ஆட்கள் என்று நேரு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்ததை, அவர் இறந்து ஐந்தே மாதத்தில் இந்தியா கைவிட்டது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம், அங்கிருந்து கூடலூர், கோத்தகிரி என்று அவர்களில் பலர் மறுபடி தேயிலைத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

இரண்டாவது ஒப்பந்தம் 1965 மார்ச் 24-ல். தேர்தலில் பெரும்பான்மை கிடைக்காத டட்லி சேனநாயகாவுக்குத் தமிழரசுக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. பிரதேச சபை என்பது இப்போது மாவட்ட சபையாகச் சிறுத்தது. டட்லி - செல்வா ஒப்பந்தத்தின்படி கட்சியின் மு.திருச்செல்வம் உள்ளாட்சி அமைச்சரானார். இம்முறை எதிர்க்கட்சி வரிசையில் இருந்தது பண்டாரநாயகாவின் கட்சி. கூடவே, 1956-ல் தமிழுக்காகப் பேசிய இடதுசாரிகள்! டட்லியின் வயிற்றில் மசால் வடை என்று சிங்களத்தில் எதுகை மோனையோடு கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தமிழனோடு சாப்பிட உட்கார்ந்ததே குற்றம் என்று அர்த்தம். 1968-ல் மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. அதே ஆண்டு திருகோணமலை கோணேசர் கோயில் பகுதி தொடர்பான பிரச்சினையில் திருச்செல்வமும் பதவியை விட்டு விலகினார்.

1971-ல் வந்தது தரப்படுத்தல். சிங்களத்தில் பரீட்சை எழுதிய மாணவனுக்குப் பொறியியலில் சேர 227 மார்க் போதும், தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும். ஒரே பரீட்சை, ஒரே வருடம். பிறகு மாவட்ட வாரியான ஒதுக்கீடு வந்தது. இதனால் பின்தங்கிய மன்னார், வவுனியா, மட்டக்களப்பு மாணவர்களில் சிலருக்கு நன்மையும் கிடைத்தது, இட ஒதுக்கீட்டுக்குப் பழகிய நமக்கு அந்தத் தர்க்கம் புரியும். ஆனால் மொழியைப் பார்த்து மார்க் வைத்த அந்த முதல் வருடம் யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனதில் இருந்து போகவே இல்லை. அப்பாக்கள் செய்த சத்தியாக்கிரகத்தால் என்ன கிடைத்தது என்று மகன்கள் கேட்க ஆரம்பித்தது இந்த நேரத்தில்தான்.

அதே 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இளைஞர் இயக்கம் ஆயுதம் ஏந்தி எழுந்தது. படித்துவிட்டு வேலையில்லாத கிராமத்துப் பிள்ளைகள். ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தனிச் சிங்களம் வந்து 15 வருடம் ஆகியும் சிங்களம் படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை!

1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. புதிய அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதலிடம், சிங்களம் ஆட்சிமொழி. பழைய 29-வது பிரிவு போயே போய்விட்டது. இதை உருவாக்கிய அமைச்சர் யார் தெரியுமா? 1956-ல் அந்த எச்சரிக்கையைச் செய்த அதே கொல்வின் ஆர்.டி.சில்வா. இலங்கை வரலாற்றில் இதைவிடக் கசப்பான ஒரு வேடிக்கை கிடையாது.

செல்வநாயகம் தன் காங்கேசன்துறை எம்.பி. பதவியை ராஜினாமா செய்து, இதைத் தமிழர் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று சவால் விட்டார். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கும் மேல் இழுத்தடித்து 1975 பிப்ரவரியில் தேர்தல் வைத்தது. 16,000 ஓட்டுக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி முதல் முறையாகத் தனிநாடு என்று தீர்மானம் போட்டது. சமஷ்டி கேட்டு, பிரதேச சபைக்கு இறங்கி, மாவட்ட சபைக்கும் இறங்கி, எதுவும் கிடைக்காத பிறகுதான் கோரிக்கை ஒரேயடியாக மேலே ஏறியது. அடுத்த ஏப்ரலில் செல்வநாயகம் காலமானார்.

பிறகு எல்லாம் வேகம். 1977 தேர்தலில் கூட்டணி 18 இடங்கள் வென்று அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார், அடுத்த மாதமே கலவரம். 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது, சுமார் 97,000 நூல்கள் சாம்பல். 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் இரவு கொழும்பில் ஆரம்பித்த நெருப்பு ஒரு வாரம் எரிந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு தாக்குதல்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அப்போது ஜனாதிபதி, கண்டிக்குப் பாதயாத்திரை போன அதே ஜெயவர்த்தனா. ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த ஆறாவது திருத்தம், தனிநாடு கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாத எம்.பி.க்களின் பதவியைப் பறித்தது. பேசத் தயாராக இருந்தவர்கள் பாராளுமன்றத்தில் இருந்து வெளியே போனார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மட்டும் மிச்சம்.

தந்தையும் மகனும்

போரின் கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். காகிதங்களின் கதையை மட்டும் முடித்துவிடலாம். 1987 ஜூலை 29 இந்திய - இலங்கை ஒப்பந்தம் வட, கிழக்கை இணைத்தது. ஒரு வருடத்துக்குள் கிழக்கில் வாக்கெடுப்பு என்றார்கள், அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. 2000 ஆகஸ்டில் சந்திரிகா கொண்டுவந்த அரசியலமைப்பு மசோதாவை எதிர்க்கட்சி எம்.பி.க்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்தை இரு தரப்பும் மீறி மீறி, 2008 ஜனவரியில் அரசாங்கம் அதிகாரபூர்வமாக ரத்து செய்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு.

கிழித்தது சிங்களத் தரப்பு மட்டும் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1989 ஜூலையில் அமிர்தலிங்கத்தைக் கொழும்பில் சுட்டுக் கொன்றவர்கள் புலிகள். 1990 அக்டோபரில் வடக்கில் இருந்த சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேறச் சொன்னவர்களும் புலிகள். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். 1948-ல் மலையகத்தானை வெளியே தள்ளிய அதே காரியத்தை, தள்ளப்பட்ட இனத்தின் பெயரால் செய்தார்கள். சந்திரிகாவின் அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை எழுதியவர்களில் ஒருவர் நீலன் திருச்செல்வம். 1968-ல் பதவி விலகிய மு.திருச்செல்வத்தின் மகன். அப்பாவின் மாவட்ட சபைகளைக் கைவிட்டது கொழும்பு அரசாங்கம். மகனை 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் காரோடு சேர்த்துக் கொன்றது புலிகளின் தற்கொலைப் படை.

தஜிகிஸ்தானில் என்ன ஆயிற்று? ஐந்து வருடப் போரில் பல்லாயிரம் பேர் செத்த பிறகு, 1997 ஜூன் 27 அன்று ஜனாதிபதி ரஹ்மானோவும் எதிரணித் தலைவர் நூரியும் மாஸ்கோவில் கையெழுத்திட்டார்கள். எதிரணிக்கு அரசுப் பதவிகளில் 30 சதவீதம். பிக்குகளும் பாதயாத்திரையும் இல்லாததால் ஒப்பந்தம் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது, போரும் நின்றது. பிறகு ரஹ்மானோவ் மெல்ல மெல்ல எல்லோரையும் ஓரம் கட்டி, 2015-ல் அந்த எதிர்க்கட்சியையே தடை செய்தார். அங்கேயும் காகிதம் கிழிந்தது, மெதுவாக.

இலங்கையில் நாடற்றவர் பிரச்சினையை 1988-லும் 2003-லும் வந்த சட்டங்கள் ஒருவழியாகத் தீர்த்தன. 1948-ல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க 55 வருடம்! ஆனால் அதற்குள் கடல் தாண்டி வந்துவிட்டவர்களுக்கு அது உதவவில்லை. ராமேஸ்வரம் கப்பல் 1984-ல் நின்றுபோனது. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, கலவரத்தில் படகேறி வந்த மலையகத்தவர்களும் இங்கே முகாமில் 'இலங்கை அகதி' ஆனார்கள். தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை.

1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று நம் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி நீதிமன்றம் போய், பாஸ்போர்ட் வாங்கி, வாக்காளர் அட்டையும் வாங்கிய ஒரு பெண், 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். கொட்டப்பட்டு முகாமில் வசிப்பவர்.